கான்கூனில் பதினைந்து நாள்

ஜூன் 3, செவ்வாய்

கான்கூன் வந்து சேர்ந்தாயிற்று. ஹூஸ்டனில் விமானம் ஏறி ஒரு கோழித் தூக்கம் போட்டு விழிப்பதற்குள் கீழே பச்சைக் கடல் தெரிந்தது. மெக்ஸிகோ இவ்வளவு பக்கம் என்று எனக்குத் தெரியாது.

ஆல்வினுக்கு இங்கே ஒரு ஓட்டலில் மூன்று வார வேலை. அறை பதிவு செய்கிற பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டு இவருடைய கம்பெனியுடையதைப் போடுகிறார்கள். கூட இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். அறையும் சாப்பாடும் ஓட்டல்காரர்களே தருகிறார்கள். “மூணு வாரம் இவளைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?” என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். கேட்டவர்கள் என்னைப் பார்த்து, கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

விமான நிலைய வாசலில் டாக்சிக்காரர்கள் மொய்த்துவிட்டார்கள். “அமிகா, அமிகா, டாக்சி!” அமிகா என்றால் தோழியாம். ஒருவர் சிரித்த முகமாக என் பெட்டிக்குக் கை நீட்டினார். நானும் சிரித்துவிட்டேன். கார் வரும்வரை ஆல்வின் என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

“இது மெக்ஸிகோ அஜி. இங்க யாரைப் பார்த்தும் பல்லைக் காட்டாத.”

ஆறாவது மாடியில் அறை. பால்கனியில் நின்றால் ஒரு பக்கம் கடல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் காயல். நடுவில் நாக்கு மாதிரி ஒரு துண்டு நிலம். அதன்மேல் வரிசையாக ஓட்டல்கள். ஊர் என்று ஒன்று தனியாக எங்கோ இருக்கிறதாம். காயல் கரையில் முதலைப் படம் போட்ட பலகை.

அலமாரிக்குள் சின்ன இரும்புப் பெட்டகம். இரண்டு பாஸ்போர்ட்டையும் அதில் வைத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண் போட்டார். “உன்னோடதும் இதுலயே இருக்கட்டும். நீ மறந்துருவ.”

நான் மறதிக்காரி என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்கே தெரியும். மார்த்தாண்டத்தில் ஐ.சி.யூ.வில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். அங்கே யாரும் சொன்னதில்லை.

ஜூன் 4, புதன்

ஓட்டல் சாப்பாடு அவருக்குப் பிடிக்காது. காலையில் கூடவே கொண்டுவந்த ரைஸ் குக்கரில் சோறு வைத்தேன். அவருக்கு மூன்று சட்டை தேய்த்தேன். கடலில் இறங்க முடியாது. பழுப்பு நிறப் பாசி கரை முழுக்க ஒதுங்கிக் கிடக்கிறது. டிராக்டர் வைத்து அள்ளுகிறார்கள். அள்ள அள்ள வருகிறது. அழுகிய முட்டை நாற்றம்.

மதியம் அறைப் போனில் கூப்பிட்டார். இனி தினமும் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவாராம். நான் எங்கே இருக்கிறேன் என்று அவர் கைபேசியில் ஒரு புள்ளி காட்டும். ஆனால் புள்ளி குரல் கொடுக்காதே என்றார். அக்கறைதான்.

ஜூன் 6, வெள்ளி

இன்று ஊருக்குள் போய் வந்தேன்.

பச்சை மிளகாய் தீர்ந்துவிட்டது, அதுதான் காரணம். ஓட்டல் கடையில் சிப்ஸும் சூரிய வெளிச்சத்துக்குப் பூசுகிற கிரீமும்தான் விற்கிறார்கள். துவைக்கும்போது அவருடைய பேண்ட் பையிலிருந்து விழுந்த சில்லறை இருந்தது. வாசலில் சீருடை போட்ட பெண்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். நானும் போய் நின்றேன். ஆர்-ஒன் என்று கண்ணாடியில் எழுதிய பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவ்வளவுதான். அதில் பெரிய காரியம் ஒன்றுமில்லை.

டிரைவரே டிக்கெட் கிழித்துத் தருகிறார். முன்கதவைச் சாத்தாமலே ஓட்டுகிறார். வழியில் ஒருவர் கிட்டாரோடு ஏறி, இரண்டு பாட்டுப் பாடி, தொப்பியை நீட்டிவிட்டு இறங்கினார். தக்கலை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்த மாதிரி இருந்தது. ஓட்டல்கள் முடிந்ததும் திடீரென்று சாதாரண ஊர் வந்துவிடுகிறது. பல் டாக்டர், செருப்புக் கடை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்.

சந்தை வாசலில் ஒரு அம்மாள் பழம் வெட்டி விற்கிறார். பெயர் எல்வீரா. அம்பது வயது இருக்கும். அரைப்பழ மாங்காயைச் சீவி, உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னும் கொஞ்சம் மிளகாய்ப்பொடி போட்டார். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா. என்ன பாஷை? தமிழ்.

“தமால்?” என்று பக்கத்துக் கடையைக் காட்டினார். அங்கே மக்காச்சோள மாவை இலையில் பொதிந்து அவித்து அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்குத் தமால் என்று பேராம். இருவரும் சிரித்தோம். இருபது வருஷம் ஓட்டல்களில் அறை சுத்தம் செய்தாராம். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் அங்கே கற்றதுதான். கிளம்பும்போது “என்ஜாய் யுவர் ஸ்டே” என்றார்.

கைபேசி அறையில் சார்ஜில் கிடந்தது. எடுக்க மறந்துவிட்டேன். மறதிக்காரிதானே.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே திரும்பிவிட்டேன். ராத்திரி ஆல்வின், “மிளகாய் ஏது?” என்றார். ஓட்டல் சமையல்கட்டில் கேட்டு வாங்கினேன் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

அவருக்கு இன்று லீவு. படகேறி இஸ்லா முஹேரஸ் என்ற தீவுக்குப் போனோம். மேல் தட்டில் உட்கார்ந்தோம். நல்ல காற்று. ஆல்வின் எனக்குத் தொப்பி வாங்கித் தந்தார். நிறைய போட்டோ எடுத்தார். அம்மாவுக்கும் மாமியாருக்கும் அங்கிருந்தே அனுப்பினார். தீவில் கார் இல்லை என்று சொல்லலாம். கோல்ஃப் வண்டியை வாடகைக்கு எடுத்துச் சுற்றுகிறார்கள்.

வண்டி வாடகைக்கு விடுகிற பெரியவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தது. நான் நர்ஸ் என்று எப்படியோ பேச்சில் வந்துவிட்டது. மனைவிக்குச் சர்க்கரை, காலில் புண் என்றார். அந்த அம்மாளே உள்ளேயிருந்து வந்து காலைக் காட்டினார். குனிந்து பார்த்து, தினம் எப்படிக் கழுவிக் கட்ட வேண்டும் என்று சொன்னேன். பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பி வரும் படகில் ஆல்வின் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடாது, குறையும். தலைவலியாகவும் இருக்கலாம், வெயில் அப்படி.

அறைக்கு வந்ததும் என் செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். இரண்டையும் பால்கனியிலிருந்து போட்டுவிட்டார். “இனி எங்க போய் நர்ஸ் வேலை பார்க்குறேன்னு பார்க்கலாம்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஜூன் 9, திங்கள்

கீழே செடிகளுக்குள் தேடினேன். ஒன்று கிடைத்தது.

ஜூன் 10, செவ்வாய்

அறையில் வைத்திருக்கிற வெள்ளைத் துணிச் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். தயிர் வாங்க வேண்டியிருந்தது.

எல்வீரா அம்மாள் முதலில் என் காலைத்தான் பார்த்தார். ஓட்டல் பெயர் பின்னிய செருப்போடு யாரும் ஊருக்குள் வர மாட்டார்கள், அது அவருக்குத் தெரியும். கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, “செக்-அவுட்?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. இல்லை, இன்னும் நாள் இருக்கிறது, இருபத்து நாலாம் தேதிதான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். கடைச் சுவரோரம் கிடந்த தன் பிளாஸ்டிக் செருப்பை எடுத்து என் முன்னால் போட்டார். பெரிய அளவு. வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

பிறகு அவராகவே தன் போனை நீட்டினார்.

அக்கா நம்பர் மட்டும்தான் எனக்கு மனப்பாடம். மஸ்கட்டில் அப்போது ராத்திரி எட்டு மணி. ஷீபா அக்கா டியூட்டி முடிந்து வந்திருப்பாள். அவளும் நர்ஸ்தான்.

“யாரு?”

“அக்கா, நான்தான் அஜிதா.”

“இது யாரு நம்பரு? ஆல்வின் எங்க?”

“வேலைக்குப் போயிருக்காரு. சும்மாதான் கூப்பிட்டேன்.”

“சும்மாவா? ஒரு வருசமா நீ ஸ்பீக்கர்லதான் பேசுக. இன்னைக்குத்தான் உன் கொரலு தனியாக் கேக்குது.” டி.வி.யை அணைத்துவிட்டு, சின்னப்பிள்ளையில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டாள். “மக்களே, பாஸ்போர்ட்டு யாருகிட்ட இருக்கு?”

“அவருகிட்ட. லாக்கர்ல.”

“நம்பரு தெரியுமா?”

“தெரியாது.”

“சரி. அது உன் கைக்கு வருகன்னைக்கு என்னைக் கூப்பிடு. நேரம் காலம் பாக்கண்டாம். வேற ஒண்ணும் நீ சொல்லண்டாம், நானும் கேக்கல.”

அக்கா எதற்கு அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. பிளாஸ்டிக் செருப்பைப் பையில் போட்டு, துணிச் செருப்போடு அறைக்கு வந்தேன். தயிர் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

நேற்று ராத்திரி நான் எழுதிக்கொண்டிருந்தபோது ஆல்வின் பின்னால் வந்து நின்றார். அவர் படித்ததெல்லாம் பெங்களூரில். தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. எப்போதும் “உன் புழு எழுத்து” என்று கேலி செய்துவிட்டுப் போய்விடுவார்.

நேற்று, “என்ன, என்னைப் பத்தியா?” என்றார்.

“ஆமா. நல்லாத்தான் எழுதியிருக்கேன்.”

“பார்ப்போமே” என்று கைபேசியை எடுத்துப் பக்கத்தைப் போட்டோ பிடித்தார். போனே மொழிபெயர்த்துச் சொல்லுமாம். நான் பேனாவை மூடினேன். அவர் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். “ஆடு கடலுக்கு ஊசி போட்டதுன்னு வருது அஜி. உன் எழுத்து மெஷினுக்கே புரியல.”

டாக்டர்களோடு சேர்ந்து சேர்ந்து கையெழுத்து கெட்டுப்போனதில் ஒரு நன்மை. இன்னும் கிறுக்கலாக எழுதப் பார்க்கிறேன்.

இன்று எலுமிச்சை சாதம். நல்ல வெயில்.

ஜூன் 12, வியாழன்

பேய் மழை. சந்தையிலிருந்து திரும்பும் பஸ் வழியில் நின்றுவிட்டது. முழங்கால் அளவு தண்ணீர். நிறைய கார்கள் அணைந்து கிடந்தன. ஒரு பஸ் நிறைய ஜனங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு காத்திருந்தார்கள். எனக்குக் காத்திருக்க நேரமில்லை. இறங்கித் தண்ணீருக்குள் நடந்தேன். ரோட்டின் ஒரு பக்கம் காயல், முதலை இருக்கிற காயல். அந்த நினைப்பே வரவில்லை. அறைப் போன் அடித்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு மட்டும்தான்.

அறைக்கு வந்தபோது ஆல்வின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சார்ஜில் கிடந்த என் கைபேசி அவர் மடியில். முகத்தில் கோபமே இல்லை.

“நனைஞ்சிட்டியே. முதல்ல தலையைத் துவட்டு” என்றார்.

ஜூன் 13, வெள்ளி

குளியலறையில் வழுக்கிவிட்டேன். இடது மணிக்கட்டு.

ஜூன் 14, சனி

வீக்கம் குறையவில்லை. கவிழ்த்து வைத்த முள்கரண்டி மாதிரி வளைந்திருக்கிறது. அப்படி வளைந்தால் என்னவென்று எனக்குத் தெரியும். விரல் நுனி சிவப்பாகத்தான் இருக்கிறது, தொட்டால் உணர்ச்சி இருக்கிறது. அதுவரைக்கும் நல்லது.

ஆல்வின் ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். ஐஸ் கொண்டுவந்து தருகிறார். சோற்றைப் பிசைந்து ஊட்டினார். ஊட்டும்போதே அழுதார். “உனக்கு என்னமாவது ஆனா நான் என்ன பண்ணுவேன் அஜி?” நான்தான் சமாதானம் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். சுளுக்குக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்றார்.

ஐ.சி.யூ.வுக்கு முன்பு கேஷுவாலிட்டியில் டியூட்டி பார்த்தபோது எத்தனையோ பெண்களிடம் நானே கேட்டிருக்கிறேன், எப்படி விழுந்தீங்க என்று. குளியலறை, மாடிப்படி, மாட்டுத் தொழுவம். சொன்னதைச் சீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா கூப்பிட்டாள். நான் விழுந்ததாக ஆல்வின் சொல்லியிருந்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

“பாத்து நடக்கண்டாமா மக்களே? தண்ணி கெடக்க எடத்துல எதுக்கு ஓடுக?”

“ஓடல அம்மா.”

“மாப்பிள்ளை பாவம், ஒத்தையில வேலையும் பாத்து உன்னையும் பாக்காரு. அவரு சொல்லுகது கேட்டு நட, கேட்டியா?”

“சரிம்மா.”

ஆல்வின் என் தலையைத் தடவினார். “அதெல்லாம் நல்லாத்தான் கேட்கிறா அத்தை.”

ஜூன் 16, திங்கள்

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கீழே போனோம். கை தெரியாமல் துப்பட்டாவால் மூடிக்கொள்ளச் சொன்னார். மூடிக்கொண்டேன்.

ஓட்டல் மேலாளர் ஒரு பெண்மணி. எங்கள் மேஜைக்கு வந்து, வேலை முன்கூட்டியே முடிந்துவிடும் போலிருக்கிறதே என்று ஆல்வினைப் புகழ்ந்தார். என்னிடம் கை கொடுக்க வந்தார். அப்போது துப்பட்டா நழுவிவிட்டது.

அவர் முகம் மாறியது. என்ன ஆயிற்று என்று கேட்டார். ஆல்வின்தான் பதில் சொன்னார், குளியலறையில் வழுக்கிவிட்டாள் என்று.

“எங்கள் குளியலறையிலா?”

“ஆமாம். ஈரம். சின்ன சுளுக்குதான்.”

அதன்பிறகு அந்த அம்மாள் விடவே இல்லை. ஓட்டலுக்குள் விருந்தாளி விழுந்தால் அது ஓட்டலின் பொறுப்பு. எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும், இன்ஷூரன்ஸ்காரர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், நாளைக் காலை அவர்களே கார் அனுப்புவார்கள். பாஸ்போர்ட் மட்டும் மறக்காமல் கொண்டுபோகச் சொன்னார். ஆல்வின் சிரித்தபடியே வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் நன்றி சொன்னார்.

அறைக்கு வந்து, “துப்பட்டாவை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா?” என்றார்.

ஒரு கைதானே இருக்கு என்றேன்.

பிளாஸ்டிக் செருப்பைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வாசல் பக்கம் வைத்தேன். ஆஸ்பத்திரித் தரை வழுக்கும். வேறொன்றுமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த நோட்டைக் காலையிலேயே பைக்குள் போட்டிருந்தேன். 

காலையில் கார் எங்களை ஊருக்குள் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியில் இறக்கியது. பஸ்ஸில் போகும்போது பார்த்த கட்டடம். சந்தைக்கு நாலு தெரு தள்ளி. இரண்டு பாஸ்போர்ட்டையும் சட்டைப்பையில் வைத்திருந்த ஆல்வின், என்னுடையதை வரவேற்பில் கொடுத்தார். அவர்கள் நகல் எடுத்துவிட்டு மேஜைமேல் வைத்தார்கள். திரும்ப எடுக்க அவர் கை நீட்டியபோது இன்ஷூரன்ஸ் ஆளிடமிருந்து போன் வந்தது. ஸ்பானிஷ், ஆங்கிலம், காத்திருக்கச் சொல்லும் பாட்டு. அவர் ஜன்னல் பக்கம் நடந்துகொண்டே பேசினார்.

என்னை எக்ஸ்ரேக்குக் கூப்பிட்டார்கள். வரவேற்புப் பெண்ணிடம், “உள்ளே பெயர் சரிபார்ப்பார்கள், பாஸ்போர்ட்டைத் தருகிறீர்களா?” என்றேன். என் குரல் எனக்கே டியூட்டிக் குரலாகக் கேட்டது. உடனே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

எலும்பு முறிந்திருந்தது. பார்த்தது ஒரு பெண் டாக்டர். படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். குளியலறை என்றேன். மேல் கையில் இருந்த நான்கு விரல் அடையாளத்தைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். நான் துப்பட்டாவை இழுத்து மேல் கையை மூடினேன். அவரும் வற்புறுத்தவில்லை. வெளியே போய் ஆல்வினிடம் ஏதோ சொன்னார். அடுத்த கட்டடத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம், நேரம் ஆகுமாம். ஆல்வின் போய்விட்டார். பிறகு வந்து நிதானமாக எலும்பை இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார். அப்போதுதான் கத்தினேன். இத்தனை நாளும் கத்தவில்லை.

எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிற வாசல் ஒன்று இருக்கும். இங்கேயும் இருந்தது. கட்டு காயும்வரை உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை.

ஓடவும் இல்லை. ஓடினால் பார்ப்பார்கள். பெரிய அளவுச் செருப்பு டப்டப்பென்று அடிக்க நாலு தெருவும் நடந்தேன்.

எல்வீரா அம்மாள் அன்னாசியைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். என்னையும் கட்டையும் பார்த்ததும் எழுந்துவிட்டார். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. அவருக்கு ஓட்டல் ஆங்கிலம்தான் தெரியும்.

“செக்-அவுட்” என்றேன்.

“நவ்?”

“நவ்.”

என்னைக் கடைக்குப் பின்னால், பழப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டுத் தன் போனைத் தந்தார். என்னுடையது வியாழக்கிழமையிலிருந்து ஆல்வினிடம்தான். முதல் மணியிலேயே அக்கா எடுத்தாள்.

“அக்கா, கைக்கு வந்துட்டு.”

“எது?”

“பாஸ்போர்ட்டு.”

“அப்படியே லைன்ல இரி. வைக்கண்டாம்.” கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. தன் கணவரிடம் கார்டைக் கேட்கிற சத்தம். “அமெரிக்கா வழியா வரண்டாம். அவன் அங்கதான் தேடுவான். இஸ்தான்புல் வழியா இன்னைக்குச் சாயங்காலம் ஒண்ணு இருக்கு. அங்கேருந்து மஸ்கட். விசா எல்லாம் நான் அன்னைக்கே விசாரிச்சு வச்சாச்சு. எழுதிக்கோ.”

ஒரு கையில் போன்; பையைத் திறந்து நோட்டை எடுக்க இன்னொரு கை இல்லை. எல்வீரா அம்மாள் பழம் எடை போடுகிற இடத்திலிருந்து பேனாவை எடுத்தார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, டிக்கெட் நம்பரை என் மாவுக்கட்டின் மேலேயே எழுதினார். கட்டு இன்னும் ஈரம்; எழுத்து கொஞ்சம் பதிந்துவிட்டது.

விமான நிலையத்துக்குப் போகும் பஸ் நிலையம்வரை அவரே கூட வந்தார். கடையைப் பக்கத்துத் தமால்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். டிக்கெட் எடுத்துத் தந்து, பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே, ரோட்டைப் பார்த்து நின்றார். என்னைப் பார்த்து அல்ல. யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு.

விமான நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். வெயிலில் தோல் உரிந்த வெள்ளைக்காரர்கள், பெரிய பெரிய தொப்பிகள். என் முறை வந்து, பாஸ்போர்ட்டைக் கொடுத்து, கட்டைக் கவுன்டர்மேல் வைத்து நம்பரைக் காட்டினேன். கவுன்டர் பெண் தலையைச் சாய்த்துப் படித்துச் சிரித்தாள்.

“அஜி.”

திரும்பாமலே தெரிந்துவிட்டது.

ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. ஆனால் சிரித்த முகம். “எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா? பாஸ்போர்ட்டையும் காணோம்னதும் ஒவ்வொரு டெர்மினலாத் தேடிட்டு வரேன். மருந்து மயக்கத்துல எங்கயாவது விழுந்திருந்தா? வா, போலாம்.” என் தோளில் கை போட்டார். கவுன்டர் பெண்ணிடம் ஆங்கிலத்தில், மனைவிக்கு உடம்பு சரியில்லை, வலி மருந்து கொடுத்திருக்கிறார்கள், குழம்பிப் போயிருக்கிறாள், பாஸ்போர்ட்டைத் தாருங்கள் என்றார்.

அவள் பாஸ்போர்ட்டைத் தரவில்லை. என்னைப் பார்த்து, “நீங்கள் பயணம் செய்கிறீர்களா?” என்று கேட்டாள்.

என்னிடம் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பது எனக்குப் பழகிப்போய்விட்டது. அங்கேயும் காத்திருந்தேன். அவர் சொன்னார், இல்லை என்று.

“நான் அவரிடம் கேட்டேன்” என்றாள் அந்தப் பெண், என்னைக் காட்டி.

 தோளில் இருந்த கை இறுகியது, லேசாகத்தான், வெளியே தெரியாதபடி. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“போகிறேன்” என்றேன். “நான் மட்டும். இவர் என் கையை ஒடித்தார்.”

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். இப்போது தமிழிலும் எழுதுகிறேன். வியாழக்கிழமை, தலையைத் துவட்டி முடித்த பிறகு, எங்கே போனாய் என்று கேட்டுக்கொண்டே ஆல்வின் என் இடது கையைப் பின்னால் முறுக்கினார். முறியும்வரை முறுக்கினார். முறிகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. நான் எங்கேயும் வழுக்கி விழவில்லை.

“அஜி, எல்லாரும் பார்க்கிறாங்க.” சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

“பார்க்கட்டும். கையை எடுங்க.”

எடுக்கவில்லை. கவுன்டர் பெண் யாரையோ கூப்பிட்டாள். சீருடை போட்ட ஒரு பெண் காவலர் வந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து என் தோளிலிருந்து இறக்கினார். ஆல்வின் உடனே மரியாதையாக இரண்டடி பின்வாங்கினார். மன்னிப்பு கேட்கிற மாதிரி சுற்றி நின்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“சரி, போ” என்றார் என்னிடம், தணிந்த குரலில். “உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். இதைக் கேட்டா அவங்க தாங்குவாங்களான்னு யோசிச்சுக்கோ.”

காவலர் என்னைச் சோதனை வாசல்வரை கூட்டி வந்து விட்டார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். ஆல்வின் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏறச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

ஜூன் 19, வியாழன், மஸ்கட்

அக்கா வீட்டில் எட்டு மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் தோசை. அக்கா என்னிடம் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. நாளைக்கு அவள் ஆஸ்பத்திரியிலேயே எலும்பு டாக்டரிடம் காட்டப் போகிறோம்.

அம்மாவைக் கூப்பிட்டே ஆக வேண்டும். மத்தியானம்வரை தள்ளிப்போட்டேன். பிறகு கூப்பிட்டேன். அக்கா போனை ஸ்பீக்கரில் போடவில்லை. என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

“எங்க போன பிள்ளே நீ?” அம்மாவின் குரல் கம்மியிருந்தது. “மாப்பிள்ளை நேத்து முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாரு. மருந்து மயக்கத்துல என்னமோ பேசிட்டா, நான் அவளை எப்பிடி வச்சுப் பாத்தேன்னு உங்களுக்குத் தெரியாதா அத்தைன்னு ஒரே அழுகை. ஆம்பிளை அப்பிடி அழுது நான் பாத்ததில்ல. ஒரு வாட்டி பேசு மக்களே. பேசுனாத் தீராததா?”

“அம்மா, அவரு என் கையை ஒடிச்சாரு.”

போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று நினைத்தேன். அம்மா வீட்டுக் கோழி கத்துவது கேட்டது. லைன் இருந்தது.

“எந்தக் கை?”

“இடது கை.”

“தள்ளி விட்டதுல ஒடிஞ்சுதா, பிடிச்சு முறுக்குனதா?”

அப்படிக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. கேஷுவாலிட்டியில் நாங்கள்கூட அப்படிக் கேட்க மாட்டோம். அப்பா உயிரோடு இருந்தபோது அம்மா மழைக்காலத்தில் வலது கையால் குடத்தைத் தூக்க மாட்டாள். வாதம் என்பாள்.

“முறுக்குனாரு அம்மா.”

மறுபடி கோழிச் சத்தம். அடுப்படி வாசலில் அக்கா கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள்.

“சரி” என்றாள் அம்மா. மூக்கை உறிஞ்சினாள், அவ்வளவுதான். “இனி அவன் கூப்பிட்டா நான் எடுப்பேன். நீ எடுக்கண்டாம்.”